எந்தக் கோட்டுக்குக் கீழே? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு பதிலின் ஊடே 'ஒப்பீட்டு வறுமை' என்ற சொல்லை விளக்கம் எதுவுமின்றிப் பயன்படுத்திவிட்டேன். அது பிழை என்பதை அடுத்தடுத்து வந்த கடிதங்கள் உணர்த்தின. சிலர் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சிலர் அப்படி ஒரு வறுமையே கிடையாது என்று வாதிட்டிருக்கிறார்கள். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: முழு வறுமை, ஒப்பீட்டு வறுமை ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடநூல் இரண்டே வரிகளில் முடித்துவிடுகிறது. வரிகள் மனப்பாடமாகிவிட்டன, பொருள்தான் விளங்கவில்லை. – முதுகலைப் பொருளியல் மாணவி ஒருவர்

பதில்: அளவுகோலை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. ஒரு மனிதர் உயிரோடும் ஓரளவு உடல்நலத்தோடும் இருப்பதற்கு இன்னின்ன வேண்டும் என்று முதலில் பட்டியலிட்டு, அவற்றுக்கு ஆகும் செலவைக் கூட்டி, அந்தத் தொகைக்கு வழியில்லாதவரை ஏழை என்று சொன்னால் அது முழு வறுமை. அறுதி வறுமை என்று எழுதுவோரும் உண்டு. ஊரில் மற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. எல்லோரும் பட்டினி கிடந்தால் எல்லோரும் ஏழைகள். எல்லோரும் அந்தத் தொகையைத் தாண்டிவிட்டால் ஒருவர்கூட ஏழை இல்லை.

ஒப்பீட்டு வறுமையில் பட்டியல் கிடையாது. ஒரு நாட்டின் குடும்பங்களை எல்லாம் வருமானத்தின்படி வரிசையாக நிறுத்தி, சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். அதற்கு இடைநிலை வருமானம் என்று பெயர். அந்தத் தொகையில் ஒரு குறிப்பிட்ட பங்கைக்கூட எட்டாதவர் ஒப்பீட்டு வறுமையில் இருப்பதாகக் கொள்ளப்படுகிறார். ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பங்கை 60 விழுக்காடு என்று வைத்திருக்கிறது. பெரும்பாலும் வசதியான நாடுகளைக் கொண்ட பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு வழக்கமாக 50 விழுக்காட்டைக் கையாள்கிறது. 60 ஏன், 58 ஏன் ஆகாது என்று கேட்டால் அறிவியல் வழியில் விடை கிடையாது. அது ஒரு மரபு, அவ்வளவே.

'முழு வறுமை' என்ற சொல்லை உலக அரங்கில் பரவலாக்கியவர்களில் ஒருவர் அன்றைய உலக வங்கித் தலைவர் ராபர்ட் மெக்னமாரா. 1973இல் நைரோபியில் ஆற்றிய உரையில், நோயும் எழுத்தறிவின்மையும் சத்துக்குறைவும் சேர்ந்து மனிதருக்குரிய அடிப்படைத் தேவைகளையே மறுத்துவிடும் நிலை என்று அதை அவர் விவரித்தார். 1995இல் கோபன்ஹேகனில் கூடிய ஐக்கிய நாடுகளின் சமூக வளர்ச்சி மாநாடு இதை இன்னும் விரித்தது. உணவு, பாதுகாப்பான குடிநீர், கழிப்பிட வசதி, உடல்நலம், உறைவிடம், கல்வி, தகவல் ஆகியவற்றில் கடுமையான இல்லாமையே முழு வறுமை என்றும், அது வருமானத்தை மட்டுமன்றி சமூகச் சேவைகள் ஒருவரை எட்டுகின்றனவா என்பதையும் பொறுத்தது என்றும் அறிவித்தது. பாடநூலின் இரண்டு வரிகளில் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பிற்பகுதிதான்.

கேள்வி: உயிர்வாழ இன்னின்ன வேண்டும் என்று பட்டியல் போடுவதாகச் சொல்கிறீர்கள். அந்தப் பட்டியலை யார் போடுவது? பட்டியல் போடுபவரின் மனம்தானே அதில் இருக்கும்? – ஓய்வுபெற்ற கணக்காயர் ஒருவர்

பதில்: மிகச் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இதற்கு விடை தேட ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்னே போக வேண்டும்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் சாக்லேட் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர் சீபோம் ரவுண்ட்ரீ. 1899இல் அந்நகரத்தின் தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செய்தார். பதினொராயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அந்தக் கணக்கில் அடங்கின. உடலின் உழைப்புத் திறன் குன்றாமல் இருக்க எவ்வளவு சத்து வேண்டும் என்பதை அக்கால உணவு ஆராய்ச்சிகளிலிருந்து எடுத்துக்கொண்டு, அதனுடன் வாடகை, உடை, எரிபொருள் முதலியவற்றுக்கான மிகக் குறைந்த செலவைச் சேர்த்து, தாய் தந்தையும் மூன்று குழந்தைகளும் உள்ள குடும்பத்துக்கு வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் என்று கோடு கிழித்தார். 1901இல் வெளியான அவருடைய முடிவின்படி யார்க் மக்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் அந்த வருமானம்கூட இல்லாதவர்கள். வருமானம் ஒருவாறு இருந்தும் வேறு செலவுகளால் அதே நிலைக்குத் தள்ளப்பட்டவர்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 28 விழுக்காடு.

இந்தக் கோட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்பதையும் ரவுண்ட்ரீயே எழுதியிருக்கிறார். அக்குடும்பம் ரயிலிலோ பொதுவண்டியிலோ காசு கொடுத்து ஏறக் கூடாது. நடந்தே போக வேண்டும். செய்தித்தாள் வாங்கக் கூடாது. அண்டை வீட்டாருக்குக் காசு செலவாகும் உதவி எதுவும் செய்யக் கூடாது. வெளியூரில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுதக் கூடாது, ஏனெனில் அஞ்சல் கட்டணத்துக்குக் கணக்கில் இடமில்லை. தம் கோட்டை எவரும் தாராளமானது என்று குறை சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அவர் அதை அவ்வளவு இறுக்கிப் பிடித்தார். ஆனால் அதைப் படிக்கிற எவரும் அந்தக் கடிதத்தில் வந்து நின்றுவிடுவார்கள். பிள்ளைக்குக் கடிதம் எழுதாவிட்டால் உயிர் போய்விடாது என்பது உண்மைதான். ஆயினும் எழுத வழியில்லாத தாயை ஏழை இல்லை என்று சொல்ல நா எழுமா?

ரவுண்ட்ரீக்கும் எழவில்லை என்றே எண்ணுகிறேன். 1936இல் அதே நகரத்தை அவர் இரண்டாம் முறை ஆய்வு செய்தபோது செய்தித்தாளும் வானொலியும் அவருடைய பட்டியலுக்குள் வந்துவிட்டன. முழு வறுமைக் கோட்டை வகுத்தவரே முப்பத்தேழு ஆண்டுகளில் கோட்டை உயர்த்திக்கொண்டார். மனித உடல் அந்த இடைவெளியில் மாறவில்லை, யார்க் மாறியிருந்தது. ஆக, உங்கள் ஐயம் நியாயமானது. எந்த முழு வறுமைக் கோட்டைச் சற்றுச் சுரண்டிப் பார்த்தாலும் அடியில் ஒரு காலத்தின், ஓர் இடத்தின் பழக்கம் தெரியும்.

அமெரிக்காவின் கதை இதற்கு நேர் எதிரானது. அங்கே அரசுப் பணியில் இருந்த மோலி ஓர்ஷான்ஸ்கி என்ற பெண்மணி 1960களின் தொடக்கத்தில் ஓர் எளிய வழியைக் கண்டார். மூன்று பேருக்குக் குறையாத குடும்பங்கள் தம் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவிடுவதாக 1955ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியிருந்தது. ஆகவே மிகச் சிக்கனமான உணவுத் திட்டத்தின் செலவை மூன்றால் பெருக்கினார். அதுதான் கோடு. அரசு அதை ஏற்றுக்கொண்டு, பின்னர் விலைவாசிக்கு ஏற்ப மட்டுமே உயர்த்தி வந்தது. தொடக்கத்தில் நான்கு பேர் குடும்பத்துக்கான அந்தத் தொகை, அதே அளவுள்ள குடும்பங்களின் இடைநிலை வருமானத்தில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. காலப்போக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. கோடு அசையாமல் நின்றது, நாடு அதைவிட்டு விலகிப் போயிற்று. இதற்குள் குடும்பச் செலவில் உணவின் பங்கு குறைந்து, வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் ஆகும் பங்கு கூடிவிட்டது. மூன்றால் பெருக்குவது மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

கேள்வி: ஒப்பீட்டு வறுமை என்பது ஒழிக்கவே முடியாத ஒன்று. எல்லோருடைய வருமானமும் பத்து மடங்கு ஆனாலும் கீழே சிலர் இருந்துகொண்டேதான் இருப்பார்கள். ஒழிக்க முடியாததை ஏன் அளக்க வேண்டும்? – தொழில்முனைவோர் ஒருவர்

பதில்: உங்கள் வாதத்தில் பாதி உண்மை. ஐந்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். அவற்றின் வருமானம் முறையே 10, 14, 20, 30, 80 என்று இருக்கட்டும். நடுவில் இருப்பது 20. அதில் 60 விழுக்காடு 12. ஆகவே 10 ஈட்டும் வீடு மட்டும் ஒப்பீட்டு வறுமையில் இருக்கிறது. எல்லா வருமானத்தையும் பத்து மடங்காக்குங்கள்: நடு 200, கோடு 120, முதல் வீடு 100. அப்போதும் அந்த ஒரு வீடு ஏழை வீடுதான். நீங்கள் சொல்வது இதுவரை சரி.

இப்போது மற்ற வீடுகளைத் தொடாமல் முதல் வீட்டின் வருமானத்தை மட்டும் 10இலிருந்து 13ஆக உயர்த்துங்கள். நடு அதே 20, கோடு அதே 12. ஒப்பீட்டு வறுமை அங்கே பூச்சியம். அந்த வீடு இன்னமும் கடைசி வீடுதான், ஆனால் ஏழை வீடு அல்ல. வரிசை என்று ஒன்று இருந்தால் கடைசியில் ஒருவர் நின்றே தீர வேண்டும்; நடுவில் இருப்பவரிடமிருந்து அவர் எவ்வளவு தொலைவில் நிற்கிறார் என்பதையே இந்தக் கணக்கு பார்க்கிறது.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். பழைய எண்களில் மிக அதிகம் ஈட்டும் வீட்டின் 80ஐ 800 ஆக்குங்கள். நடு மாறாது, கோடும் மாறாது, ஏழைகளின் எண்ணிக்கையும் மாறாது. பணக்காரர் மேலும் பணக்காரர் ஆனார் என்பதற்காக ஒப்பீட்டு வறுமை உயர்ந்துவிடுவதில்லை. ஏற்றத்தாழ்வும் ஒப்பீட்டு வறுமையும் ஒன்றே என்று நினைத்து எழுதப்படும் தலையங்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஐந்து வீட்டுக் கணக்கை அனுப்பி வைக்கலாமா என்று எனக்குத் தோன்றும். சராசரியை எடுக்காமல் இடைநிலையை எடுப்பதற்குக் காரணமே, உச்சியில் உள்ள சிலரின் வருமானம் கோட்டை இழுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதுதான்.

நடைமுறையிலும் இந்த எண் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வருமானம் மிக உயர்ந்த நாடு லக்சம்பர்க்; அங்கே 60 விழுக்காட்டுக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அண்மை ஆண்டுகளில் மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கினருக்கும் சற்று அதிகம். வருமானத்தில் அதற்கு வெகுவாகப் பின்தங்கிய செக் குடியரசில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. எந்த நாட்டு மக்கள் வசதியாக இருக்கிறார்கள் என்று கேட்டால் லக்சம்பர்க் என்போம். எந்த நாட்டில் கீழே இருப்பவர் நடுவில் இருப்பவரோடு ஒட்டி வாழ்கிறார் என்று கேட்டால் விடை மாறிவிடும். இரண்டும் தனித்தனிக் கேள்விகள்.

கேள்வி: உண்ண உணவும், உடுக்க உடையும், இருக்க இடமும் உள்ள ஒருவரை, அடுத்தவரிடம் அதிகம் இருக்கிறது என்பதற்காக ஏழை என்பது பொறாமைக்குப் புள்ளிவிவர உடை அணிவிப்பது ஆகாதா? – பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர்

பதில்: வந்த கடிதங்களில் மிகக் கூர்மையான கேள்வி இதுதான். எனவே சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

சந்தைப் பொருளாதாரத்தின் தந்தை என்று போற்றப்படும் ஆடம் ஸ்மித், 1776இல் வெளியான தம் பெருநூலில், இன்றியமையாத பொருள் எது என்ற ஆராய்ச்சியில் ஒரு சட்டையை உதாரணம் காட்டுகிறார். லினன் துணிச் சட்டை உயிர்வாழ்வதற்குத் தேவையானது அன்று; பழைய கிரேக்கரும் ரோமரும் லினன் இல்லாமலே சுகமாக வாழ்ந்தனர். ஆனால் தம் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில், மதிப்போடு வாழும் ஒரு கூலித்தொழிலாளி அந்தச் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வரக் கூசுவான் என்கிறார். அது இல்லாதவன் ஏதோ பெருந்தவறு செய்து அந்த நிலைக்கு வந்திருக்க வேண்டும் என்று ஊர் எண்ணுமாம். தொடர்ந்து தோல் காலணியைப் பற்றி அவர் சொல்வது இன்னும் நுட்பமானது. இங்கிலாந்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் காலணி இன்றியமையாதது. ஸ்காட்லாந்தில் மிக ஏழ்மையான ஆணுக்கும் அது வேண்டும், அதே நிலையில் உள்ள பெண் வெறுங்காலோடு நடந்தால் இழுக்கில்லை. பிரான்ஸில் இருபாலருக்குமே அது கட்டாயமில்லை. ஒரே காலம், பக்கத்துப் பக்கத்து நாடுகள், அதே மனிதப் பாதம். பொறாமையைத் தூண்டும் நோக்கம் எதுவும் ஸ்மித்துக்கு இருந்ததாக எவரும் சொல்ல மாட்டார்கள்.

இருநூறு ஆண்டுகள் கழித்து, 1983இல் அமர்த்தியா சென் இந்தச் சட்டையை எடுத்துக்கொண்டே சிக்கலை அவிழ்க்க முயன்றார். வெட்கமின்றி வெளியே வரும் ஆற்றல் மனிதருக்கு வேண்டும். அது எங்கும் எப்போதும் ஒன்றே. அந்த ஆற்றலைப் பெற என்ன பொருள் தேவைப்படும் என்பதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஆற்றல் என்ற தளத்தில் பார்த்தால் வறுமை முழுமையானது. பொருள், வருமானம் என்ற தளத்தில் பார்த்தால் அதே வறுமை ஒப்பீட்டுத் தன்மை அடைகிறது. அதாவது பாடநூல் இரண்டு வகை வறுமை என்று பிரித்துவைத்ததைச் சென் ஒரே வறுமையின் இரண்டு தளங்களாகக் காட்டுகிறார். எனக்குத் தெரிந்தவரை இந்தத் தலைப்பில் இதைவிடத் தெளிவான ஒரு சிந்தனை இல்லை.

அண்மைக்கால உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஆசிரியரான உங்களுக்கு இது நேரடியாகத் தெரிந்திருக்கும். 2020இல் பெருந்தொற்றால் உலகெங்கும் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போயின. அதற்கு முந்தைய ஆண்டு வரை, வீட்டில் இணைய இணைப்போடு ஒரு கருவி இல்லாத மாணவர் படிப்பில் எதையும் இழந்துவிடவில்லை. 2020இல் அதே மாணவர், அதே வீட்டில், அதே வருமானத்தோடு வகுப்புக்கு வெளியே நின்றார். அவர் பிறர் கையில் இருந்த கருவியைப் பார்த்து ஏங்கினாரா என்பது கேள்வியே அல்ல. மற்றவர்களிடம் கருவி இருக்கிறது என்ற துணிவில்தான் வகுப்பே அங்கே போயிற்று. படிக்கும் ஆற்றல் என்ற மாறாத ஒன்றை அடைவதற்கான விலை, மற்றவர்களின் வசதியால் அவருக்கு உயர்ந்துவிட்டது. பெரும்பாலோர் சொந்த வண்டி வாங்கிவிட்ட ஊரில் பேருந்தின் நடைகள் குறைவதும், விண்ணப்பம் எல்லாம் இணையவழியே என்று ஆன பின்பு தாளில் எழுதித் தருபவரை எந்தச் சாளரமும் ஏற்காததும் இதே கணக்குத்தான். பொறாமை மனத்தில் நிகழ்வது. இதுவோ செலவுக் கணக்கில் நிகழ்கிறது.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பிரிட்டனைச் சேர்ந்த சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1979இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், ஒரு சமுதாயத்தில் வழக்கமாகக் கருதப்படும் வாழ்க்கைமுறையில் பங்குகொள்ள முடியாதபடி வளம் குறைந்தவரே ஏழை என்று வரையறுத்து, அதை அளக்க ஒரு பட்டியலும் கொடுத்தார். சமைத்த காலை உணவு பெரும்பாலான நாட்களில் உண்டா என்பதும் அதில் ஒன்று. ஒருவர் அதை விரும்பாமலே விட்டிருக்கலாமே, அதை எப்படி வறுமை என்பது என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நின்றது. அதனால் 1983இல் அந்நாட்டில் நடந்த அடுத்த பெரிய ஆய்வு இரண்டு திருத்தங்களைச் செய்தது. எவை இன்றியமையாதவை என்பதை ஆய்வாளர் முடிவு செய்யாமல் பொதுமக்களிடமே கேட்டு, பாதிப்பேருக்கு மேல் ஏற்றுக்கொண்டவற்றை மட்டும் பட்டியலில் சேர்த்தது. 'வேண்டாம் என்று விட்டேன்', 'வாங்க முடியாமல் விட்டேன்' என்ற இரண்டையும் பிரித்துக் கேட்டது. இன்று ஐரோப்பிய ஒன்றியம் பயன்படுத்தும் 13 இனங்கள் கொண்ட இல்லாமைப் பட்டியல் அந்த வழியில் வந்தது. நைந்துபோன உடைக்குப் பதில் புதியது, இணைய இணைப்பு, மாதம் ஒருமுறையாவது நண்பர்களோடோ உறவினரோடோ கூடி உண்பது ஆகியவற்றோடு, காலுக்குப் பொருந்துகிற இரண்டு இணைக் காலணிகளும் அதில் இருக்கின்றன. ஸ்மித்தின் காலணி இன்னும் பட்டியலை விட்டுப் போகவில்லை.

பசியால் உறங்காத குழந்தையையும் வகுப்புச் சுற்றுலாவுக்குப் போக முடியாத குழந்தையையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலாவது முதலில் தீர்க்கப்பட வேண்டியது. இரண்டாவதைப் பொறாமை என்று தள்ளிவிடக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: பொருளாதாரம் சரிந்த ஆண்டில் வறுமை குறைந்ததாக அரசு ஒன்று அறிவித்தது என்று எங்கோ படித்தேன். இது ஏமாற்று வேலையா? – வாசகர் ஒருவர்

பதில்: ஏமாற்று வேலை இல்லாமலே அப்படி நேரும். பிரிட்டனில் 2010–11ஆம் ஆண்டில் விலைவாசி உயர்வைக் கழித்த பின் இடைநிலை வருமானம் ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்தது. நடு இறங்கியதால் அதில் 60 விழுக்காடாகிய கோடும் இறங்கியது. நேற்று வரை கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தவர்கள், கையில் ஒரு காசும் கூடாமலே இன்று கோட்டுக்கு மேலே வந்துவிட்டார்கள். ஒப்பீட்டு வறுமையில் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 லட்சம் குறைந்ததாகப் புள்ளிவிவரம் காட்டியது. அந்தக் குடும்பங்களில் எவரும் அதைக் கொண்டாடியிருக்க மாட்டார்கள்.

இந்தக் குறையைச் சரிசெய்ய, ஏதேனும் ஓர் ஆண்டின் ஒப்பீட்டுக் கோட்டை அப்படியே உறைய வைத்து, பின்வரும் ஆண்டுகளில் விலைவாசிக்கு ஏற்ப மட்டும் உயர்த்தும் முறை ஒன்று உண்டு. பிரிட்டன் 2010–11ஆம் ஆண்டின் கோட்டை நெடுங்காலம் இவ்வாறு பயன்படுத்தியது. அதற்கு அங்கே வைத்த பெயர் என்ன தெரியுமா? முழு வறுமை. உலக வங்கி சொல்லும் முழு வறுமைக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. முதல் கேள்வி கேட்ட மாணவி இதைக் குறித்துக்கொள்வது நல்லது. பல கட்டுரைகள் இந்த இடத்தில் வழுக்கி விழுகின்றன.

கேள்வி: உலக வங்கியின் கோடு ஒரு டாலரில் தொடங்கி இப்போது மூன்று டாலருக்கு வந்துவிட்டதாம். முழு வறுமைக் கோடு அசையாதது என்றால் இது எப்படி அசைகிறது? – வங்கி ஊழியர் ஒருவர்

பதில்: 1990இல் உலக வங்கி தன் ஆண்டறிக்கையில் ஒரு நாளைக்கு ஒரு டாலர் என்ற கோட்டை அறிமுகப்படுத்தியது. பிறகு அது 1.25 ஆயிற்று, 2015இல் 1.90; 2022இல் 2.15, 2025 ஜூனில் 3 டாலர். இந்த டாலர் வங்கிச் சாளரத்தில் மாற்றித் தரும் டாலர் அன்று. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளை இன்னொரு நாட்டில் வாங்க அந்நாட்டுப் பணத்தில் எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டு வரும் வாங்கும் திறன் டாலர். உலகெங்கும் விலைகளைத் திரட்டி இந்தக் கணக்கைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் கோட்டின் எண்ணும் மாறுகிறது. முந்தைய மாற்றங்களில் பெரும்பகுதி, பழைய கோட்டையே புதிய விலையில் எழுதுவதாகத்தான் இருந்தது.

2025இன் மாற்றம் அப்படி முழுவதும் விலை சார்ந்தது அன்று. இந்தக் கோடு வானத்திலிருந்து வந்ததில்லை. மிக வறிய நாடுகள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட கோடுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த நாடுகள் பலவும் அண்மைக்காலத்தில் தம் கோடுகளை உயர்த்தியிருந்தன. ஆகவே உலகக் கோடும் உயர்ந்தது. இந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பதை உலக வங்கி கொடிய வறுமை என்கிறது. 2022ஆம் ஆண்டுக்கான அந்த எண்ணிக்கை பழைய கோட்டின்படி 71.3 கோடி; புதிய கோட்டின்படி 83.8 கோடி. அந்தப் பன்னிரண்டரைக் கோடிப் பேரும் ஓர் இரவில் ஏழையாகிவிடவில்லை, முன்பே அப்படித்தான் இருந்தார்கள். கடந்தகால எண்களும் புதிய கோட்டின்படி திருத்தப்படுவதால், 1990க்குப் பிறகு வறுமை வெகுவாகக் குறைந்தது என்ற முடிவு மாறவில்லை.

உலக வங்கியே 2018 முதல் இன்னொரு கோட்டையும் வெளியிடுகிறது. கொடிய வறுமைக் கோட்டை அடித்தளமாக வைத்துக்கொண்டு, நாட்டின் இடைநிலை வருமானம் உயர உயரத் தானும் உயரும் கோடு அது. வறிய நாட்டில் முழு வறுமைக் கோடு போலவும், வசதியான நாட்டில் ஒப்பீட்டுக் கோடு போலவும் அது நடந்துகொள்ளும். ரவுண்ட்ரீ முப்பத்தேழு ஆண்டுகளில் வந்து சேர்ந்த இடத்துக்கு வங்கி வந்து சேர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

கேள்வி: பணத்தை விட்டுவிட்டு வறுமையை அளக்க வழியே இல்லையா? – மருத்துவ மாணவர் ஒருவர்

பதில்: உண்டு. ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2010 முதல் வெளியிடும் பல்பரிமாண வறுமைக் குறியீடு, உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகிய மூன்றில் பத்து அளவைகளைப் பார்க்கிறது. ஒவ்வோர் அளவைக்கும் அதற்குரிய மதிப்பைக் கொடுத்துக் கூட்டினால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இல்லாமை உள்ளவர் ஏழை. 2024இல் வெளியான கணக்கின்படி 112 நாடுகளின் 630 கோடி மக்களில் 110 கோடிப் பேர் இதில் அடங்குகிறார்கள். இதுவும் முழு வறுமையின் பக்கம் சாய்ந்த அளவையே.

கேள்வி: என் கணவருக்கு நல்ல வருமானம். பேருந்துக் கட்டணத்துக்குக்கூட நான் அவரிடம் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். நீங்கள் சொல்லும் இந்தக் கோடுகளில் நான் எங்கே இருக்கிறேன்? – பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: எல்லாக் கோடுகளுக்கும் மேலே இருக்கிறீர்கள், அம்மா. அது அந்தக் கோடுகளின் குறை.

வருமானத்தை வைத்து வறுமையைக் கணக்கிடும் எந்த முறையும் வீட்டின் வாசலோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குள் வரும் வருமானம் எவ்வளவு, அதில் பங்குகொள்வோர் எத்தனை பேர் என்பதை மட்டும் கேட்கிறது. உலக வங்கி அதைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் முதல் பெரியவரை 1 என்றும், 14 வயது நிறைந்த மற்றவர் ஒவ்வொருவரையும் 0.5 என்றும், அதற்குக் குறைந்த குழந்தையை 0.3 என்றும் கொண்டு வகுக்கிறது. கணவன், மனைவி, சிறு குழந்தைகள் இருவர் என்றால் வகுக்கும் எண் 2.1. இரண்டு முறைகளிலும் வகுத்து வரும் தொகை வீட்டில் உள்ள அனைவருக்கும் சமமாகப் போய்ச் சேருவதாகவே கொள்ளப்படுகிறது. உங்கள் பங்கு உங்கள் கைக்கு வந்ததா என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

இல்லாமைப் பட்டியல்கள் இந்த வாசலைச் சற்றுத் தாண்டியிருக்கின்றன. ஐரோப்பியப் பட்டியலின் 13 இனங்களில் சிலவற்றை வீட்டுக்குப் பொதுவாகக் கேட்காமல் ஒவ்வொரு பெரியவரிடமும் தனித்தனியே கேட்கிறார்கள். அவற்றில் ஒரு கேள்வி, ஒவ்வொரு வாரமும் உங்களுக்கென்று சிறு தொகையை நீங்களே செலவு செய்ய முடிகிறதா என்பது. உங்கள் வீட்டுக்கு அந்தக் கணக்கெடுப்பாளர் வந்தால், அதற்கு உங்கள் கணவர் ஒரு பதிலும் நீங்கள் ஒரு பதிலும் சொல்வீர்கள்.